ஒரு கப்பலுக்கு ஒரு கப்டன்

நபீஸா டீச்சர் ஒருவருடைய பேச்சை மொழிபெயர்க்கப் போனால் முதலில் அரை அடி பின்வாங்கி நிற்பார். முக்காட்டின் நுனியை இழுத்துக் கழுத்தடியில் செருகுவார். பேசுகிறவரின் வாயைப் பார்க்க மாட்டார். அவருடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். வசனம் முடிந்ததும் ஒரு மூச்சை இழுத்து, "அவர் சொல்றார்" என்பார். செய்தி அதற்குப் பிறகுதான் வரும். அடுத்த வசனத்துக்கும் "அவர் சொல்றார்", அதற்கடுத்ததற்கும் அதேதான். சொல்லி முடித்ததும், நூலைப் பல்லால் அறுத்தவர் மாதிரி உதட்டை இறுக்கிக்கொள்வார்.

இந்தப் பழக்கம் சுனாமியோடு வந்தது. கல்முனையில் பாடசாலைகள் எல்லாம் அகதி முகாமாகிக் கிடந்த நாட்களில், நிவாரணம் கொண்டு வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி நாளைக்கு அரிசி வரும் என்றாள். ஆங்கிலம் படிப்பிக்கிறவர் என்று முன்னே தள்ளிவிடப்பட்டிருந்த நபீஸாவும் "நாளைக்கு அரிசி வரும்" என்று சத்தமாகச் சொன்னார். அரிசி வரவில்லை. பெண்கள் அந்த வெள்ளைக்காரியைத் தேடிப் போகவில்லை. "டீச்சர், நாளைக்கு எண்டீங்களே?" என்று நபீஸாவிடம்தான் வந்தார்கள். அடுப்பு மூட்டாமல் காத்திருந்தவர்களின் முகங்களைப் பார்த்த அன்றுதான் அவர் அந்த இரண்டு சொற்களைக் கண்டுபிடித்தார். அடுத்தவருடைய வாக்குறுதிக்கும் தனக்கும் நடுவே ஒரு வேலி போட்டுக்கொண்டார்.

முகாமில் இருந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் விளையாட்டாகவும் போனது. வெளிநாட்டு வைத்தியர் ஒருவர் வந்து, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கும்படி சொன்னார்.

"அவர் சொல்றார், தண்ணியக் கொதிக்க வெச்சுக் குடிக்கட்டாம்."

மீன் விற்கிற வல்லியம்மை கூட்டத்துக்குள் இருந்தபடியே கேட்டார்: "விறகு எங்க இரிக்கெண்டும் அவர் சொல்றாரா டீச்சர்?"

நபீஸா அதையும் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் வைத்தியரிடம் கொடுத்தார், "அவ கேக்கிறா" என்று தொடங்கி. வைத்தியர் சிவந்துபோனார். மறுநாள் விறகு வந்தது.

நபீஸாவின் வீடு கல்முனைக்குடிக் கடற்கரையில் இருந்தது. வாப்பா வயல் செய்து கட்டிய வீடு. நிக்காஹ் அன்று உம்மா அதை மகளுக்கு எழுதிக் கொடுத்தார். இந்தக் கரையில் வீடு பெண்ணுடையது. முஸ்லிம் ஊரானாலும் தமிழ் ஊரானாலும் அதே வழக்கம்தான். பெண் பிள்ளை பிறந்த அன்றே தகப்பன் அத்திவாரக் கல்லைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேருவார். பெற்றவர்கள் வீட்டைக் கொடுத்துவிட்டு வளவின் பின்பக்கம், குசினியோடு ஒட்டி, ஒதுங்கிக்கொள்வார்கள். இதனால் எத்தனை வாப்பாமாரின் முதுகு முறிந்திருக்கிறது, எத்தனை பெண்கள் வீடில்லாமல் நரைத்திருக்கிறார்கள் என்பது வேறு கதை. அதையும் ஒருவர் கோபத்தோடு எழுதத்தான் வேண்டும். ஆனாலும் இந்த வழக்கத்தில் ஒரு பெண்ணுக்கு ஒரு பிடி இருந்தது. புருஷனும் மனைவியும் கோபித்துக்கொண்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டியவர் புருஷன்தான்.

ஷரிபுதீன் அப்படித்தான் வெளியேறினார். அட்டாளைச்சேனையிலிருந்து மாப்பிள்ளையாக வந்தவர். லொறியில் நெல் ஏற்றி வியாபாரம் செய்தார். நபீஸாவின் வீட்டில் நீண்ட காலம் நன்றாகவே இருந்தார். பிறகு சொந்த ஊரிலேயே இன்னொரு கலியாணம் முடித்துக்கொண்டு போய்விட்டார். தலாக் சொல்லவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. நபீஸா அழுதார். அழுது முடித்து முகம் கழுவியபோது தலைக்கு மேலே கூரை அப்படியே இருந்தது. மகள் நப்லாவைப் படிக்க வைத்தார். இந்த வீடு நாளைக்கு நப்லாவுடையது என்ற நினைப்பு அவருக்குப் போதுமாயிருந்தது.

கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை காலை தாயும் மகளும் சம்மாந்துறையில் உறவினர் வீட்டில் இருந்தார்கள். உம்மா வரவில்லை. கோழிக்குத் தீனி போட ஆளில்லை என்று வீட்டிலேயே நின்றுகொண்டார். அவர்கள் திரும்பி வந்தபோது அந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் கிடந்தது, யாரோ அழித்துவிட்டு மறந்துபோன கணக்கு மாதிரி. உம்மாவை மூன்றாம் நாள் ஜனாஸாக்களின் வரிசையில் கண்டெடுத்தார்கள்.

கடலோரத்தில் திரும்பக் கட்டக் கூடாது என்று இருநூறு மீற்றருக்கு ஒரு கோடு கீறினார்கள். கோட்டுக்கு உள்ளே போன வீடுகளுக்குப் பதிலாக, மேற்கே வயலை மண் போட்டு நிரப்பி, இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு தொண்டு அமைப்பு வீடுகள் கட்டியது. சின்ன வீடுகள்தான் என்றாலும் ஓடு போட்டவை. முகாமிலிருந்து தகரக் கொட்டிலுக்கு மாறி அதில் வெந்துகொண்டிருந்தவர்களுக்கு அந்த ஓட்டின் சிவப்பே பெரிய ஆறுதலாக இருந்தது. நபீஸா பின்னேரங்களில் நப்லாவைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவர் எழும்புவதைப் பார்த்துவிட்டு வருவார்.

வீடு யாருக்கு என்று முடிவுசெய்ய ஊரில் ஒரு குழு வைத்தார்கள். அதற்குத் தலைவர் அச்சிமுகம்மது ஹாஜியார். குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். ஒருநாள் ஹாஜியார் தகரக் கொட்டிலின் வாசலுக்கே வந்து சந்தோஷச் செய்தி சொன்னார்.

"ஒங்கட ஊடு சரி புள்ள. ஷரிபுதீன்ட பேரப் போட்டாச்சு."

நபீஸாவுக்கு முதலில் விளங்கவில்லை. "ஆர்ர பேர?"

"ஷரிபுதீன்ட பேரத்தான். குடும்பத் தலைவர்ட பேர்லதான் குடுக்கிற."

"ஹாஜியார், அவர் இந்த ஊர்லயே இல்லையே. போன ஊட்டுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? அது என்ட உம்மா எனக்குத் தந்த ஊடு."

"அது சரிதான். ஆனா அவர் தலாக் சொல்லல்லியே. இருக்கிற மட்டும் அவர்தானே தலைவர்?"

"தலைவர் அட்டாளைச்சேனையில படுத்திருக்கார். நான் இஞ்ச தகரத்துக்குக் கீழ வேகுறன்."

ஹாஜியார் குடையை மற்றக் கைக்கு மாற்றினார். "கோபப்படாதீங்க புள்ள. வெளிநாட்டான் குடுக்கிற ஊடு. பொம்புளைகள்ற பேர நிரப்பிக் குடுத்தா, இந்த ஊர்ல ஆம்புளையே இல்லையோ எண்டு அவனுகள் நினைப்பானுகள். எங்களுக்கும் ஒரு மரியாத இரிக்கி."

இதுதான் நடந்தது. காலங்காலமாக மனைவி வீட்டில் தின்று, மனைவி வீட்டில் படுத்து, மனைவி வீட்டு வாசலில் மௌத்தாகி, அங்கிருந்தே மையவாடிக்குத் தூக்கிக்கொண்டு போகப்படுகிற ஆண்கள், வெள்ளைக்காரன் என்ன நினைப்பானோ என்று பயந்து, ஊரில் பாதிப் பெண்களை ஒரே மாதத்தில் வீடற்றவர்களாக்கினார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை. யாரும் சத்தம் போடவும் இல்லை. ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பிளேன்ரீ குடித்துக்கொண்டே செய்து முடித்தார்கள். கடல் சுவரை இடித்தது. அந்தச் சுவர் யாருடையது என்பதை இடித்தது இவர்கள்.

நபீஸா அலுவலகங்களுக்கு அலைந்தார். ஒரு இடத்தில் குழுவைக் கேட்கச் சொன்னார்கள். குழு அமைப்பைக் கேட்கச் சொன்னது. அமைப்பின் அலுவலகத்தில் இருந்த பையன், பெரியவர் வரும்போது கதைத்துப் பாருங்கள் என்றான்.

பெரியவர் என்பவர் அமைப்பின் தலைவர், ரியர் அட்மிரல் லெனார்ட் ஹாஸ்விக். பிரித்தானியக் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுப் பூட்டுகளின் திறப்புகளைத் தன் கையாலேயே கொடுக்க வருகிறார் என்று ஊரெல்லாம் கதை. அவருடைய வாழ்க்கைக் குறிப்பு ஆங்கிலத்தில் வந்து சேர்ந்தது. அதைத் தமிழில் எழுதி வரவேற்புரையாக வாசிக்கவும், அவருடைய பேச்சை மொழிபெயர்க்கவும் ஊரில் வேறு ஆள் இல்லை. ஹாஜியார் மறுபடியும் குடையோடு வந்தார். டீச்சர் மறுத்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தார். நபீஸா தாளை வாங்கிக்கொண்டார். அந்த அட்மிரலோடு நேருக்கு நேர் கதைக்க இதைவிட வேறு வழி இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்று பின்னேரம் கொட்டில் வாசலில் பாயைப் போட்டு, நபீஸா சொல்லச் சொல்ல நப்லா எழுதினாள். தெற்கு இங்கிலாந்தில் ஒரு துறைமுகப் பட்டினத்தில் பிறந்தவர். தகப்பனும் கடற்படை. பதினாறு வயதில் கடற்படைக் கல்லூரி. பத்தொன்பது வயதில் மிட்ஷிப்மனாகத் திருகோணமலை.

"மிட்ஷிப்மன் எண்டா தமிழ்ல என்ன உம்மா?"

"கப்பல்ல சின்ன அதிகாரி எண்டு போடு."

"எங்கட திருமலைக்கா வந்தவர்?"

"ஓம். வெள்ளைக்காரன் துறைமுகத்தத் திருப்பிக் குடுத்து, கொடிய இறக்கின அண்டைக்கி அங்க நிண்டவராம்."

பிறகு சிங்கப்பூர், ஏடன், ஹொங்கொங். முதலில் கண்ணிவெடி வாரும் ஒரு கப்பலுக்குக் கப்டன். அடுத்தது அதைவிடப் பெரியது. தென் அத்திலாந்திக் போரில் அவருடைய கப்பலின் வயிற்றில் குண்டு பட்டது. மூழ்கிவிடும் என்று எல்லோரும் சொன்ன கப்பலை, ஒரு பக்கம் சாய்ந்தபடியே, குளிர்க் கடல் வழியாகக் கொண்டு வந்து சேர்த்தார். அதற்கொரு பதக்கம். பிறகு ரியர் அட்மிரல். லண்டனில் பெரிய மேசை. ஓய்வு. தொண்டு.

நப்லா பேனையை நிறுத்தினாள். "ஒவ்வொரு கப்பலையும் இவருக்கு எழுதியா குடுப்பாங்க?"

"ஓம். பேர் போட்டு, கையெழுத்து வாங்கித்தான் ஒப்படைப்பாங்க."

"அப்ப இவருக்கு விளங்கும் உம்மா."

நபீஸா மகளைப் பார்த்தார். அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்கத் தன் பெயர் எழுதப்படாத ஒரு பலகையிலும் கால் வைக்காத மனிதன். ஒரு பெயரின் எடை இவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

விழா நாளில் புது மண்ணில் பந்தல் போட்டிருந்தார்கள். முன்னால் ஆண்களுக்குக் கதிரைகள். பின்னால் பெண்களுக்குப் பாய். அட்மிரல் உயரமானவர். வெயிலில் காது மடல்கள் பழுத்துப்போயிருந்தன. பொன்னாடையைப் போர்த்தியபோது குனிந்து வாங்கிக்கொண்டார். நபீஸாவுக்கு மேடையில் கதிரை இல்லாததைக் கண்டு தானே ஒன்றைத் தூக்கி வந்து போட்டார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் நபீஸா எதையும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

பேச்சு முடிந்த பிறகு ஒரு நிமிஷம் தனியே கதைக்க வேண்டும் என்று நபீஸா முன்கூட்டியே கேட்டார். தாராளமாக, இரண்டு நிமிஷமே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சிரித்தார் அட்மிரல்.

வரவேற்புரையை நபீஸா பிசகில்லாமல் வாசித்தார். அட்மிரல் எழுந்தார். நபீஸா அரை அடி பின்னால் போய் நின்றார். முக்காட்டைச் செருகினார். மினுக்கிய கறுப்புச் சப்பாத்துகளில் வயல் மண் ஒட்டியிருந்தது.

"அவர் சொல்றார், பத்தொன்பது வயசில திருகோணமலையில காலையில எழும்பிப் பார்த்த கடல் இண்டைக்கும் கண்ணுக்குள்ள இருக்காம்."

"அவர் சொல்றார், அதே கடல் உங்களுக்கு இப்படிச் செஞ்சதை டெலிவிஷன்ல பார்த்திட்டு அழுதவராம்."

"அவர் சொல்றார், கப்பல்ல அவர் படிச்ச பெரிய பாடம் ஒண்டாம். ஒரு கப்பலுக்கு ஒரு கப்டன்தானாம். ரெண்டு பேர் சுக்கானைப் பிடிச்சா கப்பல் கல்லில ஏறுமாம்."

முன்வரிசை சிரித்தது. ஹாஜியார் தலையை ஆட்டினார். அட்மிரல் அந்தச் சிரிப்பில் உற்சாகமானார். அடுத்த வசனத்தைக் கொஞ்சம் உரத்தே சொன்னார்.

"அவர் சொல்றார், வீடும் அப்படித்தானாம். ஒரு வீட்டுக்கு ஒரு தலைவர்தானாம். அந்தத் தலைவர்ட கையிலதான் இண்டைக்குத் திறப்பைக் குடுக்கப் போறாராம்."

கைதட்டல் வந்தது. நபீஸா உதட்டை மூடினார். கைதட்டல் அடங்கும்வரை சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையை நிமிர்த்தி, அன்றைக்கு முதல் தடவையாகக் கூட்டத்தைப் பார்த்தார். அட்மிரல் மூச்சு வாங்க நின்ற அந்த இடைவெளியில் ஒலிவாங்கி நபீஸாவின் கையில் இருந்தது.

"வீடு தலைவருக்கு உரியதில்ல. ஆர்ர வீடு போச்சுதோ அவளுக்கு உரியது. என்ட வீட்ட என்ட உம்மா எனக்குத் தந்தா. அதக் கடல் எடுத்திச்சி. எடுக்கக்குள்ள கடல் என்ட புருஷன்ட பேரக் கேக்கல்ல. குடுக்கிற நீங்க ஏன் கேக்கிறீங்க?"

பின்னால் பாயில் இருந்த வல்லியம்மை பக்கத்தில் இருந்தவளின் தொடையில் தட்டினார்.

"கவனிச்சயாடி? இதுக்கு 'அவர் சொல்றார்' சொல்லல்ல."

"ஓமடி!"

"இது டீச்சர்ட சொந்தக் கத. தட்டு, தட்டு!"

வல்லியம்மைக்கும் அதே காயம்தான். அவருடைய வீடும் தாய் கொடுத்த வீடு. புது வீட்டுக்கு எழுதப்பட்டிருந்தது, எப்போது பார்த்தாலும் கள்ளுக்குப் போய்க்கொண்டிருந்த புருஷனின் பெயர். பெண்கள் பக்கத்திலிருந்து எழும்பிய கைதட்டல் தகரத்தில் மழை விழுந்தது போல இருந்தது. முன்வரிசை ஆண்களில் பாதிப்பேர், வெள்ளைக்காரர்தான் ஏதோ நல்லது சொல்லியிருக்கிறார் என்று நினைத்து, அவர்களும் தட்டினார்கள். மேடையில் இருந்த அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர், அமைப்பு கொள்கையை மாற்றிவிட்டதாகவே நினைத்துக் குறிப்பெடுத்தார். அட்மிரல் தன் வசனத்துக்கு இரண்டாவது தடவையும் கை தட்டுகிறார்கள் என்று நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார்.

ஹாஜியாருக்கு மட்டும் முகம் கறுத்தது. மேடையிலேயே குனிந்து பல்லைக் கடித்தார்.

"டீச்சர், தொரை அப்பிடிச் சொல்லல்லியே!"

"தொரை சொன்னாரெண்டு நான் எப்ப சொன்னன் ஹாஜியார்?"

ஹாஜியாருக்கும் அந்த 'அவர் சொல்றார்' பழக்கம் தெரியும். ஒரு வருஷமாகக் கேட்டவர்தானே. ஒலிவாங்கியைக் கேட்டுக் கை நீட்டினார்.

பேச்சு முடிந்து இளநீர் கொடுக்கிற நேரத்தில் அட்மிரல் தானாகவே நபீஸாவிடம் வந்தார். அந்த இடத்தில் அவ்வளவு கைதட்டலுக்கு என்ன காரணம் என்று கேட்டார். நபீஸா ஒளிக்கவில்லை. தான் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். இந்தக் கரையின் வழக்கத்தைச் சொன்னார். தன் பெயரைச் சொன்னார், ஷரிபுதீனின் பெயரைச் சொன்னார். இன்றைக்கு ஒரு திறப்பை மட்டும் நிறுத்தி வைத்தால்கூடப் போதும் என்றார்.

அட்மிரல் பொறுமையாகக் கேட்டார். பிறகு மெல்லிய குரலில், "அம்மணி, நாங்கள் விருந்தாளிகள். உங்கள் மக்களின் குடும்ப வழக்கங்களில் தலையிடக் கூடாது என்பது எங்கள் கண்டிப்பான விதி" என்றார்.

"இதுதான் ஐயா எங்கள் வழக்கம். நீங்கள் ஏற்கெனவே தலையிட்டுவிட்டீர்கள்."

அட்மிரல் திரும்பி ஹாஜியாரைப் பார்த்தார். ஹாஜியார் ஒன்றும் விளங்காமலே புன்னகைத்துத் தலையாட்டினார். அட்மிரலும் தலையாட்டினார். இரண்டு ஆண்கள், ஒரே மொழியில் ஒரு சொல்லும் பேச முடியாதவர்கள், ஒரு பெண்ணின் தலைக்கு மேலாக இப்படி விளங்கிக்கொண்டார்கள். "இதை உங்கள் தலைவர்களோடு கதையுங்கள்" என்று சொல்லிவிட்டு அட்மிரல் திறப்புகள் வைத்திருந்த மேசைக்குப் போனார்.

பெயர் வாசித்தார்கள். ஷரிபுதீன் வெள்ளைச் சேர்ட்டும் புதுச் சாரமுமாக எங்கிருந்தோ வந்து, அட்மிரலின் கையைப் பிடித்துக் குலுக்கி, திறப்பை வாங்கினார். படம் எடுத்தார்கள். இறங்கி வருகிற வழியில் நபீஸாவைக் கண்டு நின்றார். வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. நல்ல மனசு காட்டுகிற ஆள் மாதிரி நின்றார்.

"நீ யோசிக்காத. நீயும் புள்ளையும் வந்து இரிக்கலாம். என்ட ஊட்டுல ஒங்களுக்கும் எடம் இரிக்கிதானே?"

"இத்தனை வருசம் என்ட ஊட்டுல இருந்த நீங்க. 'என்ட ஊடு' எண்டு நான் ஒருக்காவாவது ஒங்களுக்குச் சொல்லிக் காட்டின நானா?"

ஷரிபுதீன் திறப்பைச் சாரத்து மடிப்பில் செருகிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு நபீஸாவை யாரும் மொழிபெயர்க்கக் கூப்பிடவில்லை. "சொன்னதச் சொல்ற ஆள் இல்ல" என்று ஹாஜியார் எல்லா அமைப்புகளுக்கும் சொல்லி வைத்தார். இவ்வளவு காலமும் சொன்னதை மட்டுமே சொல்லி வந்த மனுஷிக்கு வந்த பெயர் இது! அந்த வருஷமே சண்டையும் திரும்பத் தொடங்கியது. றோட்டெல்லாம் சோதனைச் சாவடி. தொண்டு அமைப்புகள் ஒவ்வொன்றாகப் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போயின. பெண்களின் வீடுகளைப் பற்றிக் கதைக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. போர் நடந்தபோது அதைவிடப் பெரிய பிரச்சினை இருந்தது. போர் முடிந்தபோது பிரச்சினையே இல்லை என்றார்கள்.

நபீஸா காதியாரிடம் போய் விவாகப் பிரிவினை எடுத்தார். எடுத்த பிறகும் வீடு ஷரிபுதீனுடையதாகவே இருந்தது. அதில் அவர் குடியிருக்கவில்லை, நெல் மூடை அடுக்கி வைத்தார். தாயும் மகளும் கொட்டிலில் இருக்க, நெல்லுக்கு ஓட்டுக் கூரை.

நப்லாவுக்கு வந்த கலியாணப் பேச்சுகள் வாசலோடு நின்றன. "ஊடு எங்க?" என்று கேட்பார்கள். நபீஸா கடற்கரைப் பக்கம் கையைக் காட்டுவார். அந்த இருநூறு மீற்றர்க் கோட்டைக் குறுக்கிவிட்டார்கள், இனிக் கட்டலாம் என்று அறிவித்தபோது வந்தவர்களில் முதல் ஆள் நபீஸா. அந்தப் பழைய அத்திவாரத்தின் மேலேயே இரண்டு அறை கட்டினார். பாடசாலை விட்டு வந்து தானே கல் சுமந்தார். வல்லியம்மை தலையில் மீன் பெட்டிக்குப் பதிலாக மண் பெட்டி வைத்துக்கொண்டு வந்து உதவி செய்தார்.

"கடல் திரும்ப வந்தா என்ன செய்வீங்க டீச்சர்?"

"வரட்டும். கடலோட கதைக்கலாம் வல்லியம்மை. அது பேர் மாத்திறதில்ல."

போர் முடிந்ததாக அறிவித்த அன்று சந்தியில் வெடி கொளுத்தினார்கள். கொடி கட்டிய வாகனங்கள் போயின. இனி எல்லோருக்கும் எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று ஒலிபெருக்கியில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். சமாதானத்தோடு காணி விலையும் ஏறியது. கொஞ்ச நாளில் ஷரிபுதீன் அந்த வீட்டை வெளியூர் வியாபாரி ஒருவருக்கு விற்றார். செய்தி கேட்டு நபீஸா அங்கே போகவில்லை. நேரே காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் போய், இரண்டறை வீட்டை நப்லாவின் பெயருக்கு உறுதி முடித்தார். கலியாணம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. மாப்பிள்ளை யாரென்று தெரிவதற்கு முன்பே வீடு யாருடையதென்று எழுதப்பட்டுவிட வேண்டும் என்று நினைத்தார். நொத்தாரிஸ் கணவரின் பெயர் என்ன என்று கேட்டார். "அது எதுக்கு?" என்றார் நபீஸா. நொத்தாரிஸ் அந்த இடத்தை வெறுமையாக விட்டார்.

ஊரில் இன்னும் எத்தனையோ பெண்கள் அந்த விழா அன்று தொலைந்த வீடுகளுக்கு வெளியே நிற்கிறார்கள். வல்லியம்மை தன் வீட்டுக்கு, புருஷனின் பெயரில் போய் இப்போது மகன் குடியிருக்கிற வீட்டுக்கு, மருமகளின் தயவில்தான் போய் வருகிறார். ஹாஜியார் நல்ல மனிதர் என்றே பெயர் எடுத்து மௌத்தானார். ஜனாஸா அவருடைய மனைவியின் வீட்டு வாசலில் இருந்துதான் புறப்பட்டது.

இதை எழுதி முடித்த பிறகு ஒரு விஷயம் தெரியவந்தது. அட்மிரல் ஹாஸ்விக், போர் முடிந்து இரண்டு வருஷத்தில் காலமாகிவிட்டார். அவரைப் பற்றி இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்று நீண்ட இரங்கற் குறிப்பு வெளியிட்டிருந்தது. திருகோணமலை இருந்தது, ஏடன் இருந்தது, சாய்ந்தபடியே வீடு வந்து சேர்ந்த அந்தக் கப்பலும் இருந்தது. கடைசிப் பந்தியில் அவருடைய குடும்பத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் குடியிருந்த வீடு மனைவியுடையதாம். மனைவிக்கு அதை மனைவியின் தாய் எழுதிக் கொடுத்தாராம். கடைசிவரை அது மனைவியின் பெயரிலேயே இருந்ததாம். வருகிற விருந்தாளிகளிடம் அட்மிரல், இந்த வீட்டில் நான் வெறும் குடியிருக்கிற ஆள்தான் என்று வேடிக்கையாகச் சொல்வாராம்.